அடியில் போட்ட படங்கள்

"அந்தப் பழைய படம் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா" என்று அறுவை சிகிச்சை டாக்டர் போனில் கேட்டபோது மாலை மணி நாலு. "இருக்கு சார்" என்றேன். இருந்தது. எடுக்கத்தான் முடியாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஸ்கேன் படங்களெல்லாம் கிளவுடில் கிடக்கின்றன. அவற்றைக் கட்டிக் காப்பது என் வேலை. மாதா மாதம் பில் எகிறிக்கொண்டே போனதில் மானேஜர் என் உயிரை எடுத்தார். எதைக் கண்டாலும் வெட்டச் சொல்கிற மனிதர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கத்தரிக்கோல் என்றுதான் பெயர். மூன்று மாதத்துக்கு முன்னால் நான் ஒரு விதி எழுதினேன். இரண்டு வருடம் யாரும் தொடாத ஃபைல் எல்லாம் தானாகவே ஆர்க்கைவ் என்கிற அடிக்கிடங்குக்குப் போய்விடும். அங்கே வாடகை சல்லிசு, ஆனால் ஒன்றைத் திரும்பக் கேட்டால் வந்து சேரப் பன்னிரண்டு மணி நேரம். பில் பாதிக்குப் பாதி குறைந்தது. மீட்டிங்கில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கூச்சமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. படங்கள் வாரத்துக்கு ஒரு மூட்டையாகக் கட்டிப் போட்டவை. எந்த நோயாளி எந்த மூட்டையில் என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல் உண்டு. பழைய பட்டியலை இரண்டு வருடமாக யார் தொட்டார்கள்? என் விதிக்குப் பட்டியல் எது, படம் எது என்று என்ன தெரியும்? அதையும் சேர்த்து வாரிக்கொண்டு போய் அடியில் போட்டுவிட்டது. பட்டியல் வரப் பன்னிரண்டு மணி நேரம். அதைப் பார்த்து மூட்டையைக் கேட்டால் இன்னொரு பன்னிரண்டு. ஆபரேஷனோ நாளைக் காலை ஏழு மணிக்கு. பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டின புத்திசாலி நான்தான்.

நோயாளி ஒரு பஸ் டிரைவர். வலது நுரையீரலில் ஒரு புள்ளி. ஏழு வருடத்துக்கு முன்னால் விடாத இருமலுக்கு இங்கேயே ஸ்கேன் எடுத்ததை அவர் மனைவி இன்று மதியம்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அப்போதே அந்தப் புள்ளி இதே அளவில் இருந்தால் அது வெறும் தழும்பு, கத்தியே வைக்க வேண்டாம். இல்லையென்றால் ஒரு பகுதியை வெட்டியாக வேண்டும். அதற்கப்புறம் பஸ் ஓட்டுவது சந்தேகம்தான். "ரெண்டு நாள் தள்ளிப் போட முடியாதா சார்?" என்று அதே போனில் கேட்டுப் பார்த்தேன். "நாளை விட்டா ஆறு வாரத்துக்கு ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. கெட்ட கட்டியா இருந்தா ஆறு வாரம் சும்மாவா? ஏழு மணிக்குள்ள படம் வரலைன்னா நான் ஆரம்பிச்சிடுவேன்" என்று வைத்துவிட்டார்.

கத்தரிக்கோலிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "அஞ்சு வருஷத்துக்கு மேல வெச்சிருக்கணும்னு நம்ம விதியே இல்லையேம்மா. படம் இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார்.

"இருக்கே சார்."

"கைக்கு வராதது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

ஒரு நிமிடம், பொய் சொல்ல மாட்டேன், அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பட்டியலைப் பூட்டின கதை யாருக்கும் தெரிய வராது. கைதட்டலும் பத்திரமாக இருக்கும். அப்படி நினைத்ததற்கு என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியிறங்கி வார்டுக்கு ஓடினேன். தேதி தெரிந்தால் போதும், பட்டியலே வேண்டாம். நேரே அந்த வாரத்து மூட்டையைக் கேட்டுவிடலாம்.

டிரைவர் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மனைவி. ஸ்கேன் எடுத்த தேதியைக் கேட்டேன். பழைய சீட்டெல்லாம் வீடு மாற்றும்போது தொலைந்துபோனதாம்.

"மழை நாளு மேடம். நனைஞ்சுக்கிட்டே வந்தோம்."

"மழையா? எனக்கு வேர்த்துக் கொட்டிச்சு. இவருக்கு ரூட் நம்பரைத் தவிர எது ஞாபகம் இருந்திருக்கு?" என்ற மனைவி சட்டென்று நிமிர்ந்தார். "சின்னவளுக்குத் தடுப்பூசி போட வந்தோம்ல? வந்ததுதான் வந்தோம், உங்க இருமலையும் காட்டிடுவோம்னு நான்தானே இழுத்துட்டுப் போனேன்?"

வீட்டுக்குப் போன் போட்டோம். பெரிய மகள் தடுப்பூசி அட்டையைத் தேடியெடுத்துப் படித்தாள். அந்தச் சமயத்தில் போட்டது இரண்டு ஊசி. ஒன்பதாம் மாதம் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று; இரண்டுக்கும் தேதி இருந்தது.

"அன்னிக்கு குழந்தை நடந்தாளா, தூக்கிட்டு வந்தீங்களா?"

"இடுப்புலதான் இருந்தா" என்றார் டிரைவர்.

"நல்லா சொன்னீங்க! வராந்தா பூரா ஓடி என் உசிரை வாங்கினா."

இரண்டு வாரத்து மூட்டையையும் கேட்டுப் போட்டேன். மணி நாலே முக்கால். விடியற்காலை ஐந்துக்குள் வரும். எங்கள் இன்டர்நெட் லைனில் ஒரு மூட்டையை இறக்கிப் பிரிக்கவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏழு மணிக்குள் இரண்டைப் பிரிக்கலாம், மூன்றாவதற்கு வழியே இல்லை. கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்காக இவ்வளவு மெனக்கெடுறீங்களே, நல்லா இருப்பீங்கம்மா."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா வர என்னால் முடியவில்லை. "அதை எடுக்க முடியாம அடியில போட்டதே நான்தாங்க" என்றேன். அவர் என் கையை விடவில்லை. பிடிதான் இறுகியது.

"அப்ப எடுத்துக் குடுங்க" என்றார்.

விடியற்காலை ஐந்தே காலுக்குத்தான் இரண்டும் வந்து சேர்ந்தன. எதை முதலில் பிரிப்பது? பெற்றவளுக்குத் தெரியாததா என்று அந்த அம்மா சொன்ன வாரத்தையே எடுத்தேன். ஆறு ஐந்துக்கு அது திறந்தது. முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள். மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்த்தேன். டிரைவர் இல்லை. ஒருவேளை இரண்டு பேருமே தப்பாகச் சொல்லியிருந்தால்? அடுத்த மூட்டை இறங்க இறங்க, நூறில் எத்தனை என்று திரையில் ஓடிய எண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். ஆறு ஐம்பத்திரண்டு. பெயர் இருந்தது, வயதும் சரியாக இருந்தது. தகப்பன் சொன்னதுதான் நிஜம். படத்தை டாக்டருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பினதில் நம்பிக்கை இல்லாமல் பின்னாலேயே ஓடினேன்.

தியேட்டர் வாசலில் டிராலி பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. அந்த அம்மா அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். புதியதில் புள்ளியை அளக்க அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஏதோ எண் வந்தது; எனக்குத் தெரியவில்லை. பழையதில் ஒரு கோடு போட்டார். குனிந்து பார்த்தார். அதை அழித்துவிட்டு மறுபடி போட்டார். டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். போர்வைக்குள் அவருடைய வலது கால் மட்டும், எதையோ நிறுத்தப் பிரேக்கை மிதிப்பது போல, விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது.