இடுக்கி வரும் வரை

காயத்தைக் கம்பி போட்டு மூடும் கருவி ஒன்று எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருந்தது. அதைவிடத் தன்னுடையது உசத்தி என்று காட்ட, புதுக் கம்பெனிக்காரன் கோலாலம்பூரிலிருந்து காரில் வந்தான். ஆட்டுத்தொடையில் போட்டுக் காட்டும்படி அங்கே மருந்து கட்டும் டிரெஸரான நான் சொன்னேன். எஸ்டேட்டை நிர்வகிக்கும் துரையோ, கவ்வாத்துக் கத்தி வெட்டிய தொழிலாளி இராமையாவின் கையை நீட்டச் சொன்னார். மரத்துப்போக ஊசி போடக்கூட விடவில்லை. கம்பிகள் சட்சட்டென்று இறங்கின. இராமையா பல்லைக் கடித்தான்.

"பிரமாதம்! நாளைக்கே வேலைக்குப் போலாம்," என்றார் துரை.

"ஆறினதும் எதால கழட்டுறது?" என்று கேட்டேன்.

"பழைய இடுக்கி இதுக்குச் சேராது லா. ஆர்டர் கொடுத்தா புதுசு அனுப்புவோம்," என்றான் கம்பெனிக்காரன்.

மேசையிலிருந்த அவன் கார் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"இடுக்கி வரட்டும், தர்றேன். அதுவரைக்கும் இராமையாவோட லயத்து வீட்டுல படு!"