முன்னால் நடப்பவர்

ஒரு மாதமாக அந்த வீட்டில் பாய்லர் சார் பேச்சுத்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லரைக் கவனித்துக்கொள்பவர் அவர். அதே கூடத்தில் போர்வை மடிக்கிறவள் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. விடுமுறையானால் ஊரே திரண்டுபோய் ஏறும் அந்த மலைக்கு, ஏறிப் பழக்கமே இல்லாதவர்களைக் காலையில் கூட்டிப்போய்ச் சாயங்காலம் வீடு சேர்ப்பதாகப் பாய்லர் சார் திட்டம் போட்டிருந்தார். அன்றிலிருந்து மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

"பாய்லர் சார் சொன்னாரு, புது ஷூ ஆகாதாம். போட்டுப் பழகினதுதான் நல்லதாம்."

"ம்."

"நாலு நாள் முன்னாடியே கால் நகத்தை வெட்டிடணுமாம். இறங்கும்போது குத்துமாம்."

நகம்! கட்டின பெண்டாட்டியின் கால் நகம் வரைக்கும் வந்துவிட்டானே ஒருத்தன் என்று அவருக்கு வயிறு எரிந்தது. இருபத்தொரு வருஷமாக அவரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். ஃப்ரிட்ஜ் கதவை அறைந்து சாத்தாதே என்றார், கேட்டாளா? அந்த ஆள் வாயைத் திறந்தால் மட்டும் வேதவாக்கு.

"நீங்க வரலைன்னாலும் பரவாயில்லைங்க. உங்களுக்கு வேலை இருக்கும்" என்றாள் ஒருநாள்.

அந்தப் 'பரவாயில்லை' சுருக்கென்று தைத்தது. "எனக்கென்ன வேலை? நானும் வர்றேன்."

"மலைங்க அது. அங்க லிஃப்ட் கிடையாது."

"இங்க மட்டும் இருக்கா?"

அதுவும் நியாயம்தான். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைப் பழுது பார்ப்பவர், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். தினமும் ஏறத்தான் செய்தார். ஆனால் இரண்டாம் மாடி வந்ததும் நின்றுவிடுவார். போனை எடுத்துப் பழைய செய்திகளைப் படிப்பார். யாராவது வந்தால் போனைக் காதில் வைத்து, "ஆமா, மோட்டார்தான், மாத்திடலாம்" என்பார். மூச்சு சீரானதும் மிச்சப் படிகளை விறுவிறுவென்று ஏறி, மாப்பிள்ளை மாதிரி கதவைத் தட்டுவார். இது தன்னைத் தவிர ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது என்பது அவருடைய எண்ணம்.

சனிக்கிழமை மத்தியானம் திட்டம் பேசச் சலவைக்கூடத்து ஆட்கள் எல்லாரும் அவர் வீட்டுக்கே வந்தார்கள். மூன்று மாடி ஏறி வரும் பாய்லர் சார் வாசலில் நாக்குத் தள்ளி நிற்பதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் கதவருகிலேயே காத்திருந்தார். வந்தது ஐம்பத்தெட்டு வயது மனிதர். ஒரு கையில் மலையின் வரைபடம், மறு கையில் ஒரு டஜன் ஆரஞ்சு, வாயில் ஏதோ பாட்டு. மூச்சும் வாங்கவில்லை, ஒரு மண்ணும் இல்லை. மெக்கானிக்கின் காதில் புகை வந்தது.

பாய்லர் சார் மேஜையில் வரைபடத்தை விரித்தார். காலை ஆறு மணிக்கு முதல் பஸ். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உச்சி வந்தாலும் வராவிட்டாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

"எல்லாருக்கும் முன்னாடி நீங்க நடப்பீங்க" என்று மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார். "உங்க பின்னாடி உங்க வீட்டம்மா. கடைசியில நான். உங்களை யாரும் முந்தக் கூடாது."

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. படை நடத்துகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். அந்த ஆள் கடைசி, தான் முதல். இதைத்தானே ஒரு மாதமாக மனசு கேட்டது! ஆரஞ்சுகூட இனித்தது.

"அவரு ஏன் முன்னாடி? அவருக்கு வழி தெரியுமா?" என்று கூட வந்த போர்வை மடிப்புக்காரிகளில் ஒருத்தி கேட்டுத் தொலைத்தாள்.

"வழி எனக்குத் தெரியும். மெதுவா நடக்கிறவங்கதான் முன்னாடி போகணும். அவங்க வேகம்தான் எல்லாருக்கும். பின்னாடி விட்டா, சொல்லாமக் கொள்ளாம ஓடி வந்து மயங்கி விழுவாங்க."

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் மெதுவா நடப்பேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

பாய்லர் சார் வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தார். மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். மெக்கானிக் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார்.

"நீதானா?"

"ரெண்டாம் மாடியில உங்க காலடிச் சத்தம் நிக்கும். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு எண்ணுவேன். போன வருஷம் இருபது எண்ணுறதுக்குள்ள வந்துடுவீங்க. இப்ப அறுபது ஆகுது. டாக்டர்கிட்ட வாங்கன்னா மூணு தடவை சண்டைக்கு வந்தீங்க. பாய்லர் சார் பேரைச் சொன்னா வருவீங்கன்னு தெரியும். மலைக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்க்கணும்னு அவர் லிஸ்ட்ல முதல்லயே போட்டிருக்காரு. செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கேன். டாக்டர் வேணாம்னா மலையும் வேணாம்."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் வேறு விஷயத்துக்கு.

"அறுபதுன்னு அந்த ஆளுகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்கிட்டச் சொல்லலையே."

கூட இருந்து குடும்பம் நடத்தும் தனக்குத் தெரியாமல், தன்னுடைய மூச்சின் கணக்கை இன்னொருத்தன் தெரிந்து வைத்திருக்கிறான். கால் நகமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை என்று பட்டது. அவளுக்கு வேறு வழி வைத்தது யார் என்றும் கூடவே பட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

விருந்தாளிகள் கிளம்பினார்கள். வீம்புக்குத் தெருவரை போய் வழியனுப்பினார் மெக்கானிக். திரும்பி ஏறும்போது இரண்டாம் மாடியில் வழக்கம்போல மூச்சு முட்டியது. கை போனைத் தேடிப் பைக்குள் போனது. வெறுங்கையாகவே வெளியே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மேலே கதவு திறந்தது. அவள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"எத்தனை?" என்றார்.

"எண்ணலை."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "செவ்வாய்க்கிழமை அந்த ஆளும் வர்றானா?"

"அவருக்கு அங்க என்ன வேலை? நாம ரெண்டு பேருதான்."

மேலே பதினெட்டுப் படிகள் மிச்சமிருந்தன. அவர் முன்னால் ஏறினார். அவள் முந்தவில்லை.