ப்ளவுஸ் டிசைன்

பிரம்மநாயகம் அண்ணாச்சி கடைக்கு வந்தால் முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார், ஒரு கட்டிங் சாய், அரை கிளாஸ் டீ, சொல்லச் சொல்லுவார், பிறகுதான் பேச்சு. அன்றைக்கு மாரிசெல்வம் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள்ளேயே வந்து நின்றார். உட்காரவில்லை. பெல்ட் பட்டறைக்குப் போகிற நேரம், கையில் சாப்பாட்டுத் தூக்கையும் காணோம். மாரிசெல்வம் இரண்டு நாளாகவே இப்படி யாராவது வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"தம்பி, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போறியா?"

"என்ன அண்ணாச்சி, என்ன விஷயம்?"

"உங்க மதினிகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லணும். அந்த லேப்டாப்புல எதையும் அழிக்கச் சொல்லி நான் உங்கிட்ட சொல்லலன்னு."

அண்ணாச்சி அதைச் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் வருகிற முதல் சந்தில் மாரிசெல்வத்தின் கடை. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் சாக்கடைப் பலகைமேல்தான் நிற்க வேண்டும். செத்த போன், சூடாகிற லேப்டாப், படிக்காத மெமரி கார்டு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். பையன் கைராசிக்காரன் என்று ஏரியாவில் பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் அண்ணாச்சியும் போன வாரம் அந்த லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அது அவர் மகள் மாலதி கல்லூரிக்கு வைத்திருந்தது. மாலதி இப்போது டோம்பிவிலியில் இருக்கிறாள். ஆண்டாப் ஹில் பையன் சாய்நாத்தோடு ஒரு நாள் காலையில் போய், சாயங்காலம் மாலையோடு போட்டோ அனுப்பினாள். பையன் மராத்தி. குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும், தெரிந்து என்ன செய்ய? அன்றைக்கு ராத்திரியே வீட்டிலிருந்த ஆல்பத்தையெல்லாம் கிழித்து நாலாச் சாக்கடையில் போட்டார். தன் போன், பெண்டாட்டி போன் இரண்டிலும் மகள் முகம் ஒன்று விடாமல் அழித்தார். லேப்டாப் ஒன்றுதான் தப்பியது. அவர் பெண்டாட்டி கலைச்செல்வி மதினி வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறவள். முதுகுப்பக்கம் ஜன்னல் வைத்தது, பானைக் கழுத்து, படகுக் கழுத்து என்று வருகிறவர்களுக்கு அதில்தான் படம் காட்டுவாள். தொழில் சாமான் என்று அவர் அதைத் தொடவில்லை.

"அதுல அவ போட்டோ இருக்குன்னே எனக்குத் தெரியாது தம்பி. உங்க மதினி ப்ளவுஸ் டிசைன்னு பேரு வச்சு உள்ள ஒளிச்சு வச்சிருக்கா, அழிஞ்ச பொறவு அவ கேட்டப்பதான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா என்ன பண்ணிருப்பேனோ, அது வேற. ஆனா தெரியாதுலா." அண்ணாச்சியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சோறு வைக்கா, தண்ணி வைக்கா, வாயத் தொறக்க மாட்டேங்கா. அன்னைக்குக் கிழிச்சதுக்கு ஏசுனா, வாங்கிக்கிட்டேன். செஞ்சவன் வாங்கணும்லா. இத நான் செய்யல தம்பி."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். மாரிசெல்வம் எதிரே கிடந்த திருப்புளியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். செய்தது யார் என்று தெரிந்தவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான்.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின வாரம் அது. கடை நிறைய ஸ்பீக்கரும் போனுமாகக் குவிந்து கிடந்தன, வந்தவனெல்லாம் இன்றைக்கே வேண்டும் என்றான். அண்ணாச்சியின் லேப்டாப் திறப்பதற்குள் ஒருவன் குளித்துவிட்டு வந்துவிடலாம், அப்படி ஒரு வேகம். டி டிரைவைப் பார்த்தான், ஒன்றுமில்லை. டெஸ்க்டாப்பைப் பார்த்தான், ஒரே ஒரு ஃபோல்டர். ப்ளவுஸ் டிசைன். நெட்டில் கிடைக்காத ப்ளவுஸா என்று நினைத்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை. சி, டி என்று பிரித்திருந்த இரண்டு பார்ட்டிஷனையும் அழித்தான், மொத்தத்தையும் ஒன்றாக்கினான், புது விண்டோஸ் ஏற்றினான். நம் ஜனங்கள் சாவியை நிலையில் மாட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் வைப்பார்கள், கண்முன்னால் இருந்தால் பத்திரம் என்று ஒரு நினைப்பு. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே எவன் வந்தாலும் "டெஸ்க்டாப்புல என்ன இருக்கு, வேணுமா வேண்டாமா" என்று கேட்காமல் கை வைக்க மாட்டான். அன்றைக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவன் வீட்டில் வளர்த்த வளர்ப்பு. தன் கையிலிருந்து போகிற எந்த லேப்டாப்பையும் அவன் காலியாக அனுப்ப மாட்டான். பழைய பாட்டு, புதுப் படம், வில்லுப்பாட்டு என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி ஏற்றிக் கொடுப்பான். அதற்காகவே மாட்டுங்காவிலிருந்து மாமிகள் இங்கே தேடி வந்தார்கள். அண்ணாச்சி பழைய பாட்டென்றால் உயிரை விடுகிறவர், நம்ம ஆள், ஆகவே அவருக்கு எப்போதையும்விட அதிகமாகவே அள்ளிப் போட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்றால் அது இதுதான்.

லேப்டாப் போன மறுநாளே கலைச்செல்வி மதினி வந்தாள். உள்ளே இருந்ததெல்லாம் எங்கே என்று மெதுவாகத்தான் கேட்டாள். "டிஸ்க் போயிருச்சு மதினி, ஒண்ணும் பண்ண முடியல" என்று அவன் வாய் தானாகச் சொன்னது. யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. தினமும் யாருக்காவது உண்மையாகவே சொல்கிற வார்த்தை அது, பழக்கத்தில் வந்துவிட்டது.

"போன டிஸ்க்குல பாட்டு மட்டும் எப்படி தம்பி பாடுது?"

அதற்கு அவன் என்னவோ இங்கிலீஷில் உளறினான். அவள் கேட்டுக்கொண்டாள். "சரி தம்பி. நீ என்ன செய்வ பாவம். சொன்னதத்தான செஞ்ச" என்று போய்விட்டாள். யார் சொன்னதை என்று அவனுக்கு அன்றைக்குப் புரியவில்லை. இப்போது அண்ணாச்சி எதிரே வந்து நிற்கும்போது புரிந்தது. அவன் சொன்ன பொய் அவனோடு நிற்காமல் நேரே போய் அண்ணாச்சியின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை. "அந்த லேப்டாப்பக் கொண்டாங்க அண்ணாச்சி, டிஸ்க்கக் கழத்திப் பாக்கேன். ஏதாவது மிஞ்சிருந்தா எடுத்துருவேன்" என்றான். அண்ணாச்சி ஓட்டமும் நடையுமாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். பட்டறைக்குப் போகிற வழியில் திரும்பி நின்று, "நீ நல்லாருப்ப தம்பி" என்று வேறு சொன்னார். அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது அவனுக்கு.

டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டித் தேட விட்டான். அழித்தது உடனே போய்விடாது. ஆள் ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கிற ஒற்றை அறைக் கோலி மாதிரிதான் அது, வாசலில் பெயர்ப்பலகை இருக்காது, உள்ளே சாமான் அப்படியே இருக்கும். வேறொருவன் பூட்டை உடைத்துக் குடியேறினால்தான் வினை. அதனால் ஏதாவது தொலைந்தால் புதுசாக எதையும் உள்ளே போட்டுவிடாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவன் பாடம் நடத்துவான். அந்தப் பாடம் நடத்துகிறவன்தான் வீடு நிறையப் பாட்டுக்காரர்களைக் குடியேற்றியிருந்தான். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. வந்தவர்களுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டும் கண்ணாடி ஒட்டிக்கொண்டும் அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் பழைய பார்ட்டிஷனின் எல்லை தெரிந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு ஃபைல்கள் வரத் தொடங்கின. பெயர் ஒன்றுக்கும் கிடையாது, வெறும் எண். முதலில் வந்ததெல்லாம் நிஜமாகவே ப்ளவுஸ், முகமில்லாத முதுகுகள். அதற்குப் பின்னால் மாலதி வந்தாள். வந்தாள் என்றால், பாதி வந்தாள். சில படத்தில் நெற்றிவரை, சிலதில் கழுத்துவரை, அதற்குக் கீழே மொத்தமும் சாம்பல் நிறத் தகடு. ஒரு படம் முழுசாக இல்லை. வீடியோ எதுவும் திறக்கவே மாட்டேன் என்றது. வேறு இரண்டு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தான். அதே பாதிதான் வந்தது. படத்தின் மிச்சப் பாதி இருந்த இடத்தில் தான் ஏற்றிய பாட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை அவனுக்கு நன்றாகத் தெரியும், சின்னதிலிருந்தே கடைக்கு வருகிறவள். அவள் சிரிக்கிற படம் ஒன்றில் வாய் இல்லை. அதைப் பார்த்ததும் மானிட்டரை அணைத்துவிட்டு வெளியே போய்ச் சும்மா நின்றான்.

வெளியே நிற்கும்போதுதான் அந்தக் கெட்ட யோசனையும் வந்தது. போன டிஸ்க்கிலிருந்து இவ்வளவாவது எடுத்தேனே என்று கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அண்ணாச்சி மேல் பழி தீரும், டிஸ்க் மேல் பழி விழும், டிஸ்க் வாயைத் திறந்து இல்லையென்று சொல்லப் போவதில்லை. கைராசிக்காரன் என்கிற பெயர் இன்னும் கூடும். யோசிக்க யோசிக்க அது நியாயம் மாதிரியே தோன்றியது. அதுதான் அவனுக்குப் பயமாயிருந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அதைத்தான் செய்வோம் என்று தெரிந்து, படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு, டிஸ்க்கை லேப்டாப்பில் திரும்ப மாட்டி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி வீட்டுக்கு நடந்தான்.

கீழே ஒரு அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஒரு அறை. கீழே ஜன்னலோரம் தையல் மெஷின். மதினி யாருடைய ப்ளவுஸுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்திருப்பார் போல, வாசல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடி இருந்தால் அதிகம்.

"மதினி, டிஸ்க் போகல" என்றான் மாரிசெல்வம். உட்காரச் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. "நான்தான் அழிச்சேன்."

ஊசி நின்றது. "அவுக சொல்லியா?"

"இல்ல மதினி. அண்ணாச்சிக்கு எதுவுமே தெரியாது. ஃபோல்டர் பேரப் பாத்தேன், ப்ளவுஸ்தானன்னு நெனச்சு உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம அழிச்சுட்டேன். அதுக்கு மேல பாட்டையும் படத்தையும் போட்டேன். பாட்டு போடாம இருந்திருந்தா எல்லாத்தையும் எடுத்திருக்கலாம். நீங்க வந்து கேட்டப்ப பயந்துட்டு டிஸ்க் மேல சொன்னேன்."

வாசலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் நின்றுபோனது. அண்ணாச்சி திரும்பவில்லை. கலைச்செல்வி ஊசியை ப்ளவுஸிலேயே குத்தி வைத்தாள்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே தம்பி" என்றாள். பிறகு, "நான் அவுகள..." என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. இரண்டு ஏசு ஏசியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அண்ணாச்சி எழுந்து வந்து சட்டையைப் பிடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். ஒன்றும் நடக்கவில்லை. மதினிதான் கடைசியில் மெஷின்மேல் கிடந்த துணியை ஒதுக்கி இடம் பண்ணினாள்.

"என்ன கெடச்சுதோ, காட்டு."

லேப்டாப்பை வைத்து, பென் டிரைவைச் சொருகினான். "பாதிதான் மதினி இருக்கு, முழுசா ஒண்ணுமில்ல" என்று முன்னாலேயே சொல்லி வைத்தான். முதல் படத்தில் மாலதியின் நெற்றியும் கண்ணும் வந்தன. மதினி அழுவாள் என்று நினைத்தான். அவள் குனிந்து, திரைக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோய், சாம்பல் பகுதியில் விரலை வைத்தாள்.

"இது ரிசல்ட் வந்த அன்னைக்கு எடுத்தது. இங்கன கையில பேப்பரு வச்சிருந்தா. பக்கத்துல எதுத்த வீட்டுப் பூமாரி நின்னா." அடுத்த படத்துக்கும் அதேதான். "இது ஜூகு கடக்கரை. இங்கன பேல்பூரி இருந்துச்சு, பாதி தின்னுட்டு எங்கிட்ட குடுத்துட்டா." அவனிடம் சொல்லவில்லை அவள், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் இல்லை, எங்கே மறந்துவிடுமோ என்று அவசரமாக ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் போகிற இடமெல்லாம் அவன் அழித்த இடம். இன்னும் எவ்வளவு படம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்தது. மவுசை அழுத்தினான்.

கழுத்துவரை வந்த படம். தலை நிறையப் பூ, நெற்றிச்சுட்டி, எங்கோ கூட்டத்தில் யாரோ கூப்பிடத் திரும்பிய முகம்.

"இது மாட்டுங்காவுல நடந்துச்சே, முத்துமாரி கல்யாணம். இவ பாவாட தாவணி கட்டிருந்தா. பச்ச..." மதினியின் விரல் சாம்பலில் மேலும் கீழும் போனது. "பச்சதான். நல்ல பச்ச."

"பச்ச இல்ல" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

அண்ணாச்சி இன்னும் சந்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"மயில் கழுத்து. கரதான் பச்ச. எட்டு கட ஏறி இறங்கி நான்தான எடுத்துக் குடுத்தேன்."

கலைச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. மாரிசெல்வத்தின் கை மவுசின் மேலேயே இருந்தது, அடுத்த படத்துக்குப் போக அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. வாசலில் அண்ணாச்சி எழுந்தார். ஈரக்காலோடு உள்ளே ஒரு எட்டு வைத்தார், சிமெண்டுத் தரையில் தண்ணீர் பரவ, அங்கேயே நின்றார்.