மூடாத வாய்

அரியலூர்க் கடைத்தெருவில் பாத்திரக்கடை மரிய ஆல்பர்ட்டின் வாய்க்குத் தனி மதிப்பு உண்டு. எவர்சில்வர் அண்டாவை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் போதும். கண் உருள, மீசை மேலே ஏற, கடைவாய்த் தங்கப்பல் தெரிய, "என்னாது!" என்று ஒரு கத்துக் கத்துவார். அடுக்கியிருக்கும் தாம்பாளங்கள் அதிரும். கேட்டவர் தானே எதையோ திருடப் பார்த்த மாதிரிக் கூசிப்போய்க் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். அது கோபம் இல்லை, தொழில். பழகிய வாடிக்கைக்காரர்களுக்கு இதில் ஒரு கணக்கு தெரியும். ஆல்பர்ட் கத்தினால் பேச இடம் இருக்கிறது. "வேணாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டால் முடிந்தது. வேறு கடை பார்க்க வேண்டியதுதான்.

சகாய ஆனந்துக்கும் இந்தக் கணக்கு தெரியும். பெரம்பலூரில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன் அவன். ஆல்பர்ட் அவனுக்குச் சுற்றி வளைத்து மாமா முறை. அவர் மகள் ரீனாவுக்கும் அவனுக்கும் எல்லாம் பேசி முடிந்து, அவரிடம் பேசுவது ஒன்றுதான் பாக்கி.

"வந்து கேளு," என்றாள் ரீனா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைத்துப் பேச மாட்டாள். "கத்துவாரு. கத்தட்டும். கத்துனாருன்னா மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

"காதுகுத்துக்கு பேனர் அடிக்கிறவன்னு சொல்லிக்கிட்டா வர்றது? கேம் ஒண்ணு பண்றோம்ல, அது ஓடட்டும். தலைய நிமித்திக்கிட்டு வரேன்."

"ஒன் தல நிமுர்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்ட் வந்துரும்."

கேம் என்பது செல்போன் விளையாட்டு. சகாயத்தின் கூட்டாளி பாடாலூர் பிரவீணா புரோகிராம் எழுதியது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டுப் பிடிப்பார்களே, அதேதான். பச்சைத் துண்டு பச்சை சீட்டில் விழ வேண்டும், சிவப்பு சிவப்பில். தவறிப்போய் உட்கார்ந்திருப்பவர் மடியில் விழுந்தால் அவர் எழுந்து கத்துவார், ஆட்டம் காலி. 'துண்டு போடு' என்று பெயர் வைத்தார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செல்போன் ஸ்டோர் என்பதும் கடைத்தெருதான். சரக்கு உள்ளே எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வாசலில் மாட்டுகிற படத்தைப் பார்த்துத்தான் ஆள் படியேறும். அந்தப் படம் சகாயத்தின் பொறுப்பு.

முதலில் அவன் கைப்பழக்கத்துக்குச் செய்தான். பஸ், பஸ் ஸ்டாண்டு, கண்டக்டர், ஏழெட்டுப் பயணிகள், நாலு துண்டு, பின்னால் சூரிய ஒளி, கீழே கொட்டை எழுத்தில் பெயர்.

பிரவீணா அதைப் போனில் வைத்துக் காட்டினாள். புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது.

"அண்ணா, இதுல கண்டக்டர் எங்க இருக்காரு?"

அவனுக்கே தெரியவில்லை.

"எல்லார் மூஞ்சியும் வரலன்னா கோவிச்சுக்க இது காதுகுத்து இல்லண்ணா. ஒரே ஒரு சாமான் இருக்கணும். கட்டவெரல் போற வேகத்துல தெரியணும்."

ஜன்னலுக்குள் பறக்கிற ஒற்றைச் சிவப்புத் துண்டை வரைந்தான். பளிச்சென்று அழகாக இருந்தது. யாரும் தொடவில்லை. துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற ஊரைத் தாண்டினால், அது பறக்கிற சிவப்புத் துணி, அவ்வளவுதான்.

"மூஞ்சி வைங்கண்ணா," என்றாள் பிரவீணா. "மடியில துண்டு விழுந்து கத்துறவரு மூஞ்சி. வாயத் தொறந்து கத்துனா பாக்காம யாரும் போவ மாட்டாங்க."

ஒரே மூச்சில் வரைந்தான். உருளும் கண், ஏறிய மீசை, கடைவாயில் ஒரு பல் மட்டும் தங்கம், சட்டத்தில் பாதிக்கு வாய். கை தானாகப் போனது. இத்தனை சுலபமாக ஒரு மூஞ்சி வருகிறதே, யாருடையது என்று கேட்டுக்கொள்ள அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் ஒரு கண்ணாடியாவது மாட்டிவிட்டிருப்பான்.

ஸ்டோரில் ஒரு வசதி உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு படமும் மீதிப் பேருக்கு வேறு படமும் காட்டி, எது ஆளை இழுக்கிறது என்று பார்க்கலாம். துண்டையும் வாயையும் மோதவிட்டார்கள். வாய் துண்டைத் தின்றுவிட்டது. எங்கெங்கோ இருந்து, பெயரே கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் இறக்கி விளையாடினார்கள். சகாயம் தலையை நிமிர்த்திப் பார்த்தான், நிமிர்ந்தது.

அந்த வாரமே ரீனா கூப்பிட்டாள்.

"எங்கப்பாவயா வரைஞ்ச?"

"சேச்சே... " என்று ஆரம்பித்தவன், படத்தை எடுத்துப் பார்த்தான். கடைவாயில் தங்கப்பல் மின்னியது.

திருமானூரிலிருந்து கல்யாணச் சீருக்கு அண்டா எடுக்க வந்த அம்மாக்கண்ணு என்கிற அம்மாள் பாதி விலைக்குக் கேட்டிருக்கிறார். ஆல்பர்ட் "என்னாது!" என்றிருக்கிறார். அந்த அம்மாள் கூசவில்லை. சிரித்துவிட்டார். "பஸ்ஸுல கத்துறவரு நீங்கதானா? எங்க வூட்ல எல்லார் போன்லயும் நீங்கதாங்க. இன்னொருக்கா கத்துங்களேன்!" பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து வேலை இல்லாதவர்கள்கூட வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சகாயம் அரியலூருக்கு ஓடினான். ஆல்பர்ட் கல்லாவில் இருந்தார்.

"மாமா, தெரியாம நடந்துபோச்சுங்க. மீசைய எடுத்துடறேன்."

"பல்லு?"

"பல்லையும் வெள்ளையாக்கிடறேன்."

"கண்ண?"

"சின்னதாக்கிடறேன் மாமா."

"வாய என்னடா பண்ணுவ?" என்று கத்தினார். அந்தக் கத்தலில் சகாயத்துக்கு உயிர் வந்தது. பேச இடம் இருக்கிறது.

மீசையை எடுத்தான், பல்லை மாற்றினான், கண்ணைச் சுருக்கினான். ஆட்கள் கொஞ்சம் குறைந்தார்கள். அரியலூரில் ஒன்றும் குறையவில்லை. "படத்துல மீச எங்கங்க?" என்று ஆல்பர்ட்டைக் கேட்டுச் சிரித்தார்கள். கடைசியில் பிரவீணாவிடம் போய், படத்தையே எடுத்துவிடலாம் என்றான்.

"எடுத்தா கேம் படுத்துரும்ணா."

"தெரியும்."

அவள் ஸ்டோர் பக்கத்தைத் திறந்தாள். "மாமாவுக்குத்தானே? எடுங்க." பழைய சிவப்புத் துண்டு வாசலுக்கு வந்தது. ஆட்டம் படுத்தது. சென்னையில் வேலைக்குக் கூப்பிட்டிருந்த கம்பெனிக்கு அவள் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

இனிமேல் கேட்கலாம் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சகாயம் அரியலூர் பஸ் ஏறினான். கடையில் ஆல்பர்ட் அவனைப் பார்த்ததும் தன் செல்போனை நீட்டினார். பழம் வெட்டுகிற விளையாட்டு ஒன்று. வாசல் படத்தில் அவர் வாய். ஜெயிலிலிருந்து தப்பிக்கிற விளையாட்டு. அவர் வாய், மீசையோடு, தங்கப்பல்லோடு. பல் விளக்குகிற விளையாட்டில் வாய் மட்டும்.

"இதையும் எடுத்துரு தம்பி."

"இது நான் பண்ணல மாமா. எவனோ திருடிப் போட்டிருக்கான். எந்த ஊருன்னே தெரியாது."

"ஒங்கடையிலேர்ந்துதானே போச்சு?"

ஸ்டோருக்குப் புகார் அனுப்பியதையும், விதிமீறல் எதுவும் இல்லை என்று மறு நிமிடமே ஒரு மெஷின் பதில் போட்டதையும் எப்படிச் சொல்வது என்று அவன் யோசிப்பதற்குள் வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். ஒரு குண்டானை எடுத்துச் சுண்டி, வாய் கூசாமல் ஒரு விலை கேட்டார். ஆல்பர்ட்டின் கண் உருண்டது. மீசை ஏறியது. பிறகு அவர் அந்த ஆளின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த செல்போனைப் பார்த்தார். மீசை இறங்கியது.

"எடுத்துக்குங்க," என்றார்.

பள்ளிக்கூடம் லீவு என்று உள்ளே பில் எழுதிக்கொண்டிருந்த ரீனா நிமிர்ந்து சகாயத்தைப் பார்த்தாள். "வூட்லயும் இப்பிடித்தான்," என்றாள், சத்தமில்லாமல். பிறகு தலையை ஆட்டினாள்: கேள்.

"மாமா, ரீனா விசயமா ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்க. எங்க ரெண்டு பேருக்கும்..."

ஆல்பர்ட் புரிந்துகொண்டார். வாய் திறந்தது. சகாயம் கண்ணை மூடிக்கொண்டு, தாம்பாளங்கள் அதிரட்டும் என்று காத்திருந்தான். கத்துங்க மாமா. ஒரே ஒரு தடவை.

"வேணாம் தம்பி," என்றார் மெதுவாக.

சகாயம் ரீனாவைப் பார்த்தான். அவளும் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கடைசி விலையா, இல்லை இப்போது அவரிடம் இருப்பதே அந்த ஒரு குரல்தானா என்று, பிறந்ததிலிருந்து அந்தக் கடையில் வளர்ந்தவளுக்கே தெரியவில்லை.