பொறந்த ஊட்டுக் கோடி

“உசுரோட உக்காந்திருக்கறவளுக்கு எவனாச்சும் கோடி எடுப்பானாக்கா? கேக்கறவன் சிரிப்—”

“சிரிச்சுட்டுப் போறான். நாஞ் செத்தன்னிக்கு நீ பறந்து வந்துருவியாக்கும்? தந்தி வந்து, டிக்கெட் எடுத்து—”

“இப்ப எவன் தந்தி குடுக்கறான்? போன் இருக்குது, ஒரு போன் போட்டா—”

“போன் வழியாச் சீலை வருமாடா?”

தம்பி காளிச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்று அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த ராமாமணியின் கை, சீப்போடு அப்படியே நின்றது.

ஈப்போவில் அன்று காலை மழை மூட்டமாக இருந்தது. மாமா வீட்டுக்கு எதிரே இருக்கும் சுண்ணாம்புக் குன்றுகள் இடுப்புவரை மேகத்தில் முழுகி, மேல்பாதி மட்டும் எங்கோ மிதப்பதுபோலத் தெரிந்தன.

“சும்மா இருங்கம்மா. வந்த எடத்துல போயி…” என்றாள் ராமாமணி.

“வந்ததே அதுக்குத்தான அம்மணி. பின்ன, இந்த வயசுல இடுப்பொடிஞ்ச முண்டை ஊர் பாக்கவா வந்தேன்?”

அது பொய்யில்லை. போன வருஷம் போத்தனூர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, தெய்வாத்தாளின் இடுப்பு முறிந்தது. இனி நடக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் வீடே அழுதது, அவள் அழவில்லை. “என்னை மலேசியாவுக்குக் கூட்டிட்டுப் போ, என்ற தம்பியப் பாக்கோணும்” என்றாள். வாலிபத்தில் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன தம்பி. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் தமிழ்க் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்த சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்ததும், அவர்களுடைய அப்பா கிணற்றடியில் உட்கார்ந்து தலைமுழுகினார். பிறகு போக்குவரத்து இல்லை. அப்பா போய், அம்மா போய், பிறந்த வீட்டில் விளக்கேற்ற ஆளில்லாமல் ஓடு சரிந்துவிட்டது.

தெய்வாத்தாளின் புருஷன் செத்தபோது, அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடியாகப் புதுச்சீலை போட வேண்டிய தம்பி வரவில்லை. பெரியப்பன் மகன் வந்து ஒரு வெள்ளைச் சீலையைப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனான். அந்தச் சீலையை அவள் கட்டவே இல்லை. ஏன் என்று ராமாமணி கேட்டதும் இல்லை.

“நான் சாவறன்னிக்கும் அவன் சீலையில போவோணுமா? பொறந்தவன் எடுத்த சீலையில போறேன்டா. எடுத்துக் குடு, பொட்டியில வச்சுக் கொண்டுபோறேன். அப்பறம் நீ வந்தா வா, வராட்டிப் போ.”

“பொறந்தவன் எடுத்துக் குடுத்தாப் போதுமாங்க? பொறந்தவன் பொண்டாட்டியல்ல போத்தோணும்?” ராமாமணி யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

“அதுக்கு நம்மூர்ல பெரியப்பன் மருமக இருக்கறா. அவ போத்தட்டும். நம்ம சாதிசனம் போத்தட்டும்.”

கதவுப் பக்கம் பீங்கான் உரசும் சத்தம் கேட்டது. தேத்தண்ணித் தட்டோடு அஞ்சலை நின்றிருந்தாள். மாமாவின் மனைவி. வட்ட முகம், நரைத்த கொண்டை, காதில் அந்தியூர்த் தட்டான் செய்ததுபோல ஒரு தோடு. சீன முகத்தில் அந்தத் தோட்டைப் பார்க்க ராமாமணிக்கு முதல் நாள் வேடிக்கையாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. அஞ்சலை தட்டை வைத்துவிட்டு, “சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன் நங்கை” என்றாள். புருஷனின் அக்காவை நங்கை என்றுதான் கூப்பிடோணும் என்று காளிச்சாமி என்றைக்கோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கூப்பிட ஆளில்லாமலே அந்தச் சொல்லை இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறாள்.

தெய்வாத்தாள் தேத்தண்ணியைத் தொடவில்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அஞ்சலை கைப்பட்ட எதையும் அவள் தொடவில்லை. சமையல் ராமாமணிதான்.

ஆனால் ஏறி இறங்க மட்டும் அஞ்சலை வேண்டியிருந்தது. வந்த அன்றைக்குக் காரிலிருந்து படியேற்ற ஆம்பளைகள் யோசித்துக்கொண்டு நின்றபோது, அஞ்சலை சீலையை வரிந்து கட்டி, முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டாள். “ஏறிக்குங்க.”

தெய்வாத்தாள் மகளைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். “ஏறிக்கறேன். சோறு மட்டும் நீ ஆக்கு அம்மணி” என்று சொல்லிவிட்டு, அந்த முதுகில் கோழிக்குஞ்சுபோல ஒடுங்கிக்கொண்டாள்.

“நல்ல நாயமுங்க அம்மா. முதுகு ஆகும், கை ஆகாதா?” என்று அன்று ராத்திரி ராமாமணி கேட்டாள்.

“மாட்டு வண்டியில போனா, மாட்டோட உக்காந்தா சோறு திங்கறோம்?”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். ராமாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

காளிச்சாமி தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். “சரி, கடைக்குப் போலாம். நாளைக்கழிச்சுப் பிளேன் ஏறப்போறே. நல்ல சீலையா எடுத்துக் குடுக்கறேன், கட்டிக்க. கோடிங்கற பேச்சு மட்டும் கடையில எடுக்கக் கூடாது, ஆமா.”

“பேச்செடுக்கல. சீலையெடு.”

நாலு பேரும் காரில் போகும்போது தெய்வாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். மெட்ராஸில் விமானம் ஏறியதிலிருந்தே அவளுக்கு இப்படித்தான். தூக்கமா, விழிப்பா என்று சொல்ல முடியாது. விமானத்தின் ஒடுங்கிய நடைவழியில் அவளைச் சின்ன நாற்காலி ஒன்றில் பட்டை போட்டுக் கட்டி, பெட்டியை நகர்த்துவதுபோல நகர்த்திப் போனார்கள். கக்கூசுக்குப் போக முடியாதே என்று முதல் நாளிலிருந்தே தண்ணி குடிக்காமல் வந்திருந்தாள். மேலே ஏறியதும் ஜன்னலைப் பார்த்து, “ஏன் அம்மணி, இது எந்த மில்லு?” என்றாள்.

“மேகமுங்கம்மா.”

“அப்ப இத்தனை பஞ்சை இங்க கொண்டாந்து கொட்டுனது யாரு?”

பீர் முகம்மதின் ஜவுளிக்கடையில் சக்கர நாற்காலிக்காக இரண்டு துணிக் கட்டுகளை நகர்த்தி இடம் பண்ணினார்கள். காளிச்சாமி கிளிப்பச்சைப் பட்டு ஒன்றை விரித்துப் போடச் சொன்னார். அக்கா மடியில் அதன் முந்தானையைத் தானே எடுத்துப் போட்டும் பார்த்தார்.

“தாலியறுத்தவளுக்குப் பச்சையாடா? நீ இன்னும் குதிரைச் சந்தையில தொலஞ்ச பையனாட்டத்தான் இருக்கறே. பாயி, அந்தா மேல இருக்குதே வெள்ளை, அதை எடுங்க.”

“அது சாதா மல்லுத் துணிங்கம்மா. கட்டறதுக்கு நல்லா இருக்காது. இதுல கரை போட்டது தாரேன்…”

“கட்டறதுக்கில்லீங்க. போத்தறதுக்கு.”

பீர் முகம்மது காளிச்சாமியைப் பார்த்தார்.

“நான் எடுக்கமாட்டேன்க்கா.”

“ஏன்டா?”

“எடுத்தா நீ போயிருவே.”

சின்னப் பையன் சொல்வதுபோல இருந்தது அது. சொன்னவர் அங்கே நிற்காமல் கடைக்கு வெளியே போய், தூறலில், சாக்கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நரைத்த தலையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அம்மா கடையின் கண்ணாடிக் கதவு வழியாக அவரையே பார்த்தாள்.

அஞ்சலை அந்த வெள்ளைத் துணியைக் கையில் எடுத்தாள். “நான் எடுத்துக் குடுத்தர்றேன் நங்கை. அவங்க மனசு அப்படி. நீங்க வெசனப்படாதீங்க.”

“வை அதை.”

“இல்லீங்க நங்கை…”

“வைன்னா வை. அது பொறந்தவன் எடுக்கறது. நீ ஆரு?”

கடைப் பையன்கள்கூடத் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அஞ்சலை துணியின் மடிப்பைச் சரிசெய்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு குனிந்து முதுகைக் காட்டினாள். கடைப்படி இறங்க வேண்டுமே.



வீடு திரும்பி, மதியம் அம்மா சாப்பிட்டது போதவில்லை என்று ராமாமணிக்குத் தோன்றியது. ரசத்தில் பிசைந்து ரெண்டு வாய். “வெளிய தள்ளு, காத்து வேணும்” என்றாள் அம்மா. கார் நிறுத்தும் கூரைக்கடியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். மழை பெரிதாக வந்து, ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. குன்றுகள் அழிந்தன, திரும்ப வந்தன.

“மேட்டுப்பாளையம் வந்துருச்சா?”

“இது ஈப்போங்கம்மா.”

“பொய் சொல்லாத. அந்தா மலை நிக்குது. பாக்கு ஊறப்போட்ட வாசமடிக்குது.”

ராமாமணி மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஈரமண் வாசமும், பக்கத்து வீட்டில் எதையோ எண்ணெயில் வாட்டும் வாசமும்தான். ஆனாலும், “ஆமாங்க, அடிக்குதுங்க” என்றாள்.

“அந்தியூர்ல குதிரை பாக்கப் போனமல்ல. கூட்டம். இவனைக் காணோம். அப்பன் என்னை அறையறாரு, தம்பியப் புடிச்சுக்கன்னு சொன்னேனே எங்கடின்னு. அழுதுட்டே தேடறேன். பாத்தா ஒரு வெள்ளைக் குதிரை வயித்துக்கடியில நிக்கறான். பொட்டாட்ட. குதிரையும் பொட்டாட்ட நிக்குது. ஒரு காலக் கூடத் தூக்கல பாரு.”

“அப்பறமுங்க?”

“அப்பறமென்ன. நான் உள்ள பூந்து கையப் புடிச்சேன். வெளிய வரமாட்டேங்கறான். இங்க நல்லா இருக்குதுக்காங்கறான்.” அம்மா மழையைப் பார்த்துச் சிரித்தாள். “கூப்புடு அவனை.”

“மாமனையா?”

“வாடான்னு சொல்லு. சீலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பொழுதாச்சு, வாடான்னு சொல்லு.”

ராமாமணி உள்ளே போனாள். மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை, காது அசைந்தது.

“மாமா, அம்மா கூப்புடறாங்க. சீலை வேண்டாம்ங்கறாங்க.”

“அப்படிச் சொல்லித்தான் ஆளைக் கூப்புடுவா. சின்னதுல இருந்து பாக்கறேன். வாரேன் போ கண்ணு, சித்தெ பொறுத்து வாரேன்.”

ராமாமணி கொடியில் காயாமல் கிடந்த அம்மாவின் ரவிக்கையை எடுத்து உதறிப் போட்டாள். பிறகு வெளியே வந்தாள்.

நாற்காலிக்குப் பக்கத்தில் அஞ்சலை மண்டியிட்டிருந்தாள். கையில் ஒரு சில்வர் டம்ளர். அம்மாவின் தலை அஞ்சலையின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் மழையையே பார்த்துக்கொண்டிருந்தது, இமைக்கவில்லை.

“தண்ணி கேட்டாங்க” என்றாள் அஞ்சலை.

“அம்மா? அம்மா…”

“தண்ணி கேட்டாங்க ராமாமணி. உன்னைத்தான் கூப்பிட்டாங்கன்னு நெனைக்கேன். நீ உள்ள இருந்தே. நான் கொண்டாந்து வாயில வச்சேன்.”

“குடிச்சாங்களா அத்தை?”

அஞ்சலை டம்ளருக்குள் பார்த்தாள். “தெரியலையே.”

ராமாமணி அம்மாவின் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. சாரல் அடித்து, கன்னம், கழுத்து, மடி எல்லாமே ஈரமாக இருந்தது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. மாமா எழுந்து வரும் செருப்புச் சத்தம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். கோயமுத்தூருக்குப் போன் போட்டதும், ராமாமணியின் அண்ணன் அந்தப் பக்கம் அழுதுகொண்டே, “எப்படியாச்சும் இங்க கொண்டாந்துரு, நம்ம காட்டுலதான் எரிக்கோணும்” என்றான். லைனில் அவன் குரல் இரண்டிரண்டு தடவை கேட்டது. ராமாமணி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். “இல்லண்ணா. இங்கயே ஆகட்டும். அவிய பொறந்த ஊடு இப்ப இதுதானுங்க” என்றாள். அதைச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

காளிச்சாமியைக் காணவில்லை. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி எங்கேயோ போனார் என்றார்கள். காரைக்கூட எடுக்கவில்லை. தண்ணி காய்ந்து, பெண்கள் சேர்ந்து குளிப்பாட்டி முடித்து, கூடத்துப் பெஞ்சில் கிடத்தியபோது வந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதில் மட்டும் ஈரமே இல்லை.

பிரித்தார். சாதா மல், வெள்ளை. ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அக்காவின் கால்மாட்டில் நின்றார். என்னமோ சொல்ல வாய் திறந்தார். வரவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, அவள் கையில் துணியைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அஞ்சலை வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ராமாமணியின் காதில், “நேரமாவுது, போத்தச் சொல்லுங்க” என்றார்கள். ராமாமணி சொல்லவில்லை. காலையில் கதவோரம் நின்ற அஞ்சலையின் காதில் என்னென்ன விழுந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

அஞ்சலை கையை முந்தானையில் ஒரு தடவை துடைத்தாள். இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு தலைமாட்டுக்கு வந்து, குனிந்து, மூடிய கண்களுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், மெதுவாகக் கேட்டாள்.

“நங்கை, நான் போத்தட்டுங்களா?”