ஜூலியை யாரும் பார்க்கக்கூடாது

சுபோதினிக்குச் சாமினியைப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் என்ன பயன்? தம்பி ராகுலன் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு வேதக்காரப் பெட்டையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே பிடிக்காது. அவன் செத்து மூன்று மாதமான பிறகு, பிடிக்காது என்ற சொல்லே போதாமல் போய்விட்டது.

அந்தச் சாமினிதான் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக் கதவுக்கு முன்னால் நின்று, மணியில் வைத்த விரலை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜூலியக் காட்டுங்க அக்கா."

"விடியக்காலமை வந்து என்னத்தைக் காட்டுறது? அது என்ன கோயில் தேரே?"

"நேத்து நீங்க போட்ட ஸ்டேட்டஸ்ல பாத்தேன். அவ கறுத்துப் போயிருக்கா. வயிறு வீங்கியிருக்கு."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஜூலியின் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது சுபோதினிதான். கொட்டாஞ்சேனையில் ஒருத்தி பார்த்து வயிறெரியட்டும் என்றுதான் போடுவாள். அது இப்படி ஆளையே வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வரும் என்று அவள் நினைக்கவில்லை.

ஜூலி ஒரு பச்சோந்தி. எங்கள் வேலி ஓணான் சாதி இல்லை, தலையில் கொண்டை வைத்த யேமன் தேசத்துச் சாதி. ராகுலன் கலியாணத்துக்கு முன் எங்கேயோ வாங்கி வந்து, தன் அறையில் ஆளுயர வலைக்கூடு அடித்து, விளக்குப் பூட்டி, மணிபிளாண்ட் கொடி ஏற்றி வளர்த்தான். கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்குக் குடிபோனபோது, மாமியார் றோஸி, "பாம்புக்குச் சொந்தக்காரியெல்லாம் எங்க வீட்டுக்குள்ள வாணாம்" என்று சிலுவை போட்டுவிட்டாள். ஆகவே ஜூலி அக்காவோடு தங்கிவிட்டாள். ராகுலன் தினமும் வேலை முடிந்து வந்து தீனி போட்டு, தண்ணீர் தெளித்து, அக்கா போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவான்.

இப்போது அவன் இல்லை. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சுபோதினி, இடுக்கியால் உயிர்க் கரப்பான் பூச்சியைப் பிடித்து, கல்சியம் தூளில் புரட்டி, அந்த நீள நாக்குக்கு முன்னால் நீட்டப் பழகியிருந்தாள். செய்யாமல் என்ன செய்வது? அவன் தொட்டு வளர்த்ததில் அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

மற்றதையெல்லாம் அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அது இப்படித்தான் நடந்தது. ராகுலன் வேலைசெய்த கந்தோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்கு இரண்டு வீட்டுச் சனமும் ஓடிவந்தது. முடிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னதும், சுபோதினிக்கு முதலில் வந்த நினைவு பட்டு வேட்டி. யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் கால்சட்டையோடு அனுப்புவதா? வேட்டி எடுக்கவும் ஐயரோடு கதைக்கவும் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினாள். வேட்டியோடு திரும்பி வந்தபோது அவன் அங்கே இல்லை. பெண்சாதி கையெழுத்து வைத்தாள், அவளுடைய தமையன் ஜொனாதன் வண்டி கொண்டுவந்தான், கொட்டாஞ்சேனைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த நாள் பூசை வைத்து, பெட்டியில் வைத்து, மண்ணுக்குள் தாட்டார்கள். ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபத்தில் அவள் சவ அடக்கத்துக்கும் போகவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை, போகாமல் விட்டதற்குத் தன்மேல் வந்த கோபமும் ஆறவில்லை.

ஒருக்கால் கண்ணை அங்கால் எடுத்தாள். எடுத்த நேரத்தில் கொண்டு போய்விட்டார்கள். இனி எடுக்கமாட்டாள்.

சாமினி கேட்காமலே உள்ளே வந்து அறைக்குள் போனாள். கூட்டுக்குள் ஜூலி தரையில் நின்றாள். எப்போதும் கொப்பில் இருக்கிறவள் மூன்று நாளாகத் தரையில்தான் அலைகிறாள். மேனி கரும்பச்சையாகி, மஞ்சளும் நீலமுமாகப் பொட்டுகள் எழும்பியிருந்தன. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி, கடலை நிரப்பிய பொட்டலம் மாதிரித் தட்டுப்பட்டது. இரண்டு பேரையும் கண்டதும் உடம்பை அகட்டி, வாயைப் பிளந்து, சீறினாள். ஜூலியும் இவர்களுக்குச் சளைத்தவள் இல்லை.

"முட்டை" என்றாள் சாமினி. "கட்டாயம் முட்டைதான்."

"ஆண் இல்லாமல் எங்கால முட்டை? யோசிச்சுக் கதையும்."

"கோழி போடல்லையா?"

கோழியை இழுத்தது சுபோதினியை இன்னும் கொதிக்க வைத்தது.

தெகிவளையில் மிருக வைத்தியர் அஷ்பாக்கிடம் போனார்கள். ஜூலியைச் சின்னப் பெட்டியில் வைத்து, ஓட்டோவில் பெட்டியின் ஒரு காதை ஒருத்தியும் மறு காதை மற்றவளும் பிடித்துக்கொண்டு போனார்கள். அஷ்பாக் இளம் ஆள். வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"நிறைய முட்டை ஈக்கி. இண்டைக்கோ நாளைக்கோ போடணும். ஒரு வாளியில ஒரு அடி உயரத்துக்கு ஈரமண் போட்டு கூட்டுக்குள்ள வைங்க. கூட்டச் சுத்திப் பெட்சீட்டால மூடுங்க. அதுக்குப் பொறகு பாக்க வாணாம்."

"பாக்காமல் எப்பிடித் தெரியும்?" என்றாள் சுபோதினி.

"தெரியவே வாணாம். குழி தோண்டுற நேரம் ஒரு ஆளக் கண்டிச்செண்டா அந்த இடம் பத்திரமில்லயெண்டு விட்டுப் போடும். பொறகு தோண்டாது. முட்டைய உள்ளுக்கே வெச்சுக்கிட்டு மௌத்தாப் போகும். எத்தனையோ பேர் சும்மா எட்டிப் பாத்தே கொன்டீக்கிறாங்க."

கேட்டீர்களா? செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் அதுதான் முடியாத காரியம்.

பக்கத்தில் புதுப் பிளாட் கட்டுகிற இடத்தில் ஒரு பை மணல் வாங்கி, சுபோதினி மூன்று தரம் கழுவினாள். சாமினி அதை வாளியில் நிரப்பி, குழி இடியாமல் நிற்குமா என்று விரல் விட்டுப் பார்த்தாள். கூட்டை மூடியாயிற்று. பிறகு தொடங்கியது சண்டை.

"நீர் இனிப் போகலாம்" என்றாள் சுபோதினி.

"நான் போன பொறகு நீங்க எட்டிப் பாக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"என்ர வீட்டில என்னைக் காவல் காக்கப் போறீரோ?"

"ஆமா. அவ என் புருஷன்ட பிள்ள."

"பிள்ளையாம் பிள்ளை! உம்மட கொம்மா வாசலுக்குள்ளயும் விடேல்லை. அண்டைக்கு எங்க போனது இந்தப் பாசம்?"

கடைசியில் ஒரு ஏற்பாடு. ராகுலனின் அறையைப் பூட்டுவது, திறப்பைச் சாமினி வைத்திருப்பது, இரண்டு பேரும் ஹோலில் அறைக்கதவைப் பார்த்தபடி இருப்பது. இரவில் ஜூலி நித்திரை, ஆகவே விளக்கணைந்ததும் சாமினி திறப்போடு போய், விடிய வந்துவிடுவாள். சுபோதினி சரி என்று தலையாட்டினாள். சுவாமி அறையில் விபூதித் தட்டுக்குக் கீழே அதே பூட்டின் இன்னொரு திறப்பு கிடக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல?

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கீழ்வீட்டுச் சவுந்தரநாயகம் பிளாட் சந்தா வாங்க வந்தவர், இரண்டு பெண்கள் ஒரு பூட்டிய கதவை முறைத்துக்கொண்டு கதிரையில் இருப்பதைக் கண்டு, விஷயத்தைக் கேட்டு, "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்ட கதைதான் பிள்ளையள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இரண்டு பேருக்கும் அவர்மேல் ஒரே நேரத்தில் ஆத்திரம் வந்தது. இரண்டு நாளில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பதினொரு மணிபோல உள்ளே சத்தம் கேட்டது. சரக், சரக். மணலைக் கையால் வாருகிற சத்தம். சாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். சுபோதினிக்கு உடம்பெல்லாம் காதாயிற்று. ஒரு மணித்தியாலம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாமினியின் போன் பெரிய சத்தமாக அடித்தது. அவள் பதறி அமத்தினாள். திரையில் ஜொனாதன் என்ற பெயர் தெரிந்தது. "கீழ வந்துட்டான், இப்ப வாறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, தோளில் காலையில் கொண்டுவந்த பெரிய பையையும் போட்டுக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள்.

ஜொனாதன். வண்டி கொண்டுவந்த ஜொனாதன்!

சுபோதினி அப்படியே இருந்தாள். உள்ளே சத்தம் இல்லை. போன் சத்தத்துக்குப் பயந்து நின்றுவிட்டதா? அல்லது, அல்லது, உள்ளே ஒன்றுமே இல்லையா? காலையில் அவள் குளிக்கப் போன பத்து நிமிஷம் இவள் தனியாகத்தானே இருந்தாள், கையில் திறப்போடு? அப்படியென்றால் பிறகு கேட்ட சத்தம் என்ன? எலியாக இருக்கக் கூடாதா? பக்கத்துக் கட்டடத்துச் சத்தமாக இருக்கக் கூடாதா? அவ்வளவு பெரிய பையை எதற்குக் கொண்டுபோனாள்? சந்தேகம் பிடித்த மனத்துக்கு நியாயம் சொல்ல யாரால் முடியும்? ஒருக்கால் நம்பி ஏமாந்தவள் அவள்.

விபூதித் தட்டைத் தூக்கினாள். கதவைத் திறந்தாள். பெட்சீட்டின் ஒரு முனையை, இரண்டு விரலால், கொஞ்சமே கொஞ்சம், உயர்த்தினாள்.

ஜூலி இருந்தாள். வாளிக்குள் தலைகீழாகக் குழிக்குள் போயிருந்தாள், பின்காலும் வாலும் மட்டும்தான் வெளியே. காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். 'அப்பாடா' என்று சுபோதினிக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சுக்கே ஜூலி நின்றாள். மெல்லப் பின்னால் நகர்ந்து வெளியே வந்தாள். மூக்கெல்லாம் மண். ஒரு கண் சுழன்று திரும்பி, நேரே சுபோதினியைப் பார்த்தது. சீறக்கூட இல்லை.

அவள் துணியை விட்டாள், கதவைப் பூட்டினாள், திறப்பைத் தட்டுக்குக் கீழே வைத்தாள், கதிரையில் வந்து இருந்தாள்.

சாமினி படியேறி வந்தாள். பையிலிருந்து இரண்டு சோற்றுப் பார்சல் எடுத்தாள். "அம்மா அனுப்பினாங்க. இது உங்களுக்கு. மரக்கறி மட்டுந்தான். மீன் பட்ட சட்டி இல்ல, வேற சட்டியில சமைச்சாங்களாம்" என்று முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். பிறகு கதவுப் பக்கம் காதை வைத்துக் கேட்டாள். "சத்தம் இல்லயே. போட்டுட்டாளோ?"

"தெரியாது" என்றாள் சுபோதினி. பார்சலைப் பிரிக்காமலே மேசையில் வைத்தாள்.

திங்கள் சத்தமில்லை. செவ்வாயும் இல்லை. புதன் காலை இரண்டு பேரும் சேர்ந்து துணியை எடுத்தார்கள். வாளியில் பாதிக் குழி காய்ந்து கிடந்தது. ஜூலி அதற்குப் பக்கத்தில் கண் குழிந்து, மூடியபடி கிடந்தாள். வயிறு அப்படியே இருந்தது.

தெகிவளைக்குக் கொண்டு ஓடினார்கள். அஷ்பாக் அவளைத் தன்னிடமே வைத்து ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார். வியாழன் காலை முட்டைகளை வெட்டி எடுக்கலாம் என்றார். வியாழன் காலை அவர்கள் போனபோது மேசையில் ஒரு வெள்ளைத் துவாய் விரித்திருந்தது. ஜூலி அதன்மேல் பச்சையுமில்லாமல் கறுப்புமில்லாமல் கிடந்தாள். பக்கத்துத் தட்டில் முட்டைகள்.

"நாப்பத்து மூணு" என்றார் அஷ்பாக். "தோண்டத் தொடங்கினதுதானே? நடுவுல என்னமோ பயந்தீக்கி."

சாமினி சுவரோரத்து வாங்கில் குந்தினாள்.

"என் போன்" என்றாள். "என் போன்தான் அடிச்சது. சைலண்ட்ல போட மறந்துட்டேன். அக்கா, நான்தான் கொன்னுட்டேன். அவர் போனதுக்கும் நான்தான், இதுக்கும் நான்தான்." தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சுபோதினி பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று மாதமாக இந்தத் தலை ஒருநாள் இப்படிக் குனிய வேண்டும் என்று அவள் கும்பிடாத தெய்வமில்லை. குனிந்தே விட்டது. ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சாகும்வரைக்கும் இவள் இதைச் சுமப்பாள். சுமக்கட்டுமே!

"உம்மட போன் இல்லை" என்றாள்.

சாமினி நிமிர்ந்தாள்.

"என்னட்ட இன்னொரு திறப்பு கிடந்தது. நீர் கீழ போன நேரம் நான் துணியைத் தூக்கிப் பாத்தனான். அவள் குழிக்குள்ள நிண்டவள். என்னைக் கண்டுதான் வெளிய வந்தவள்."

பிறகு கொட்டாஞ்சேனைத் தமிழ் எப்படியிருக்கும் என்று அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. நாய் கொண்டுவந்தவர்களும் பூனை கொண்டுவந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். தம்பியுடைய குணத்தில் அரைவாசிகூட உனக்கு இல்லை என்றாள், சாத்தான் என்றாள், உன் கண்ணே விஷம் என்றாள், நடுவில் சிங்களத்திலும் இரண்டு சொல்லி ஏசினாள். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிற சுபோதினி, ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை.

மூச்சு வாங்கி நின்றபோது சாமினி கேட்டாள்: "ஏன் சொன்னீங்க? சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"எனக்கு அண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் சுபோதினி. "வேட்டியோட வந்து நிண்டனான். கட்டில் வெறுமையாக் கிடந்தது. அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

சாமினி மூக்கைத் துடைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அஷ்பாக் துவாயின் நான்கு மூலையையும் மடித்தார். "இத என்ன செய்யிற? ஆரு கொண்டு போற?" என்று சாமினியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் திரும்பவில்லை. முகம் அப்படியே கல்லாகத்தான் இருந்தது.

"என்னட்ட கேக்காதீங்க டொக்டர்" என்றாள். "அக்காட்ட கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அப்படிச் செய்ங்க."

அஷ்பாக் சுபோதினியைப் பார்த்தார். தம்பி செத்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள். வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அந்த வாங்கிலேயே, சாமினிக்கு ஒரு முழம் தள்ளி இருந்து, பெரிய சத்தம் வைத்து அழுதாள். அழுது முடியும்வரைக்கும் அஷ்பாக் காத்துக்கொண்டு நின்றார்.