பிடி விட்ட பிறகு

அம்மா சுந்தரம்மாள் இறந்துபோன செய்தி மகாராணிக்கு ஏலத்தோட்டத்தில் வைத்துத்தான் கிடைத்தது. போடிமெட்டுக்கு மேலே, கேரள எல்லையைத் தாண்டியிருந்த தோட்டம். செடியடியில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன் காசிமாயன்.

“ஆத்தா போயிருச்சு மகாராணி. வெரசா வா.”

கூட வேலை பார்க்கும் பொன்னுமணி அவளைத் தனியே அனுப்பவில்லை. இருவரும் ஜீப்பில் இறங்கி, போடியில் பஸ் பிடித்து, மதியத்துக்கு மேல் அவள் பிறந்த ஊரான சிலமலை போய்ச் சேர்ந்தார்கள். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. எடுப்பதற்கு முன் உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர்க்குடங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

மகாராணி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். பங்காளிகளில் மூத்தவரான பேச்சிமுத்து நிறுத்தினார்.

“வேதக்காரி எண்ணெ வைக்கக் கூடாது. மகதான், இல்லேங்கல. ஆனா நம்ம சாமி வேணாம்னு போனவ. விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் தொடட்டும்.”

காசிமாயன் தங்கையைப் பார்த்தான். அவன் கண்கள் அழுது அழுது வீங்கியிருந்தன.

“கேக்குறாகள்ல. சொல்லுத்தா.”

மகாராணி ஞானஸ்நானம் எடுத்துப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. இரண்டாவது தடவையும் கரு கலைந்து, மூன்று மாதம் யாரிடமும் பேசாமல் கிடந்தாள். அப்போது பொன்னுமணிதான் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஒருநாள் அவளோடு சபைக்குப் போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். குரங்கணி ஆற்றில் முழுகி எழுந்தபோது குளிரில் பல் கிட்டியது இப்போதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகும் பிள்ளை பிறக்கவில்லை. அவள் விசுவாசம் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

பந்தலுக்குள் பெஞ்சில் அம்மா கிடந்தாள். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தார்கள். தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. கடைசி ஒரு மாதம் யாரும் சரியாகச் சீவிவிடவில்லை போல.

“விட்டுட்டேன்ணே,” என்றாள் மகாராணி. “சபைக்கும் போறதில்ல. அந்தச் சாமியும் எனக்கு இல்ல.”

பேச்சிமுத்து தலையை ஆட்டினார். அவள் அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்தாள், சீயக்காய் தேய்த்தாள், சிக்கை விரலால் எடுத்தாள். முடிந்ததும் வாய்க்கரிசி போட்டாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற பொன்னுமணி எல்லாவற்றையும் கேட்டாள்.

*

குடியிருக்கும் போடிக்குத் திரும்பியபின் மகாராணிக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் வாயில் அந்த மூன்று வாக்கியங்கள்தான் வந்தன. அம்மாவைக் குளிப்பாட்டியதற்காக அவள் வருந்தவில்லை. வாய்க்கரிசி போட்டதும் உறுத்தவில்லை. மகள் செய்ய வேண்டியதைச் செய்தாள். சொன்ன சொல்தான் உறுத்தியது. யாரும் கத்தியைக் காட்டவில்லை. யாரும் அடிக்கவில்லை. அப்படியிருந்தும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனாள். பழைய இரும்புக்கடைக்கு மேல் மாடியில் நாற்பது பேர் கூடும் சபை. பாட்டு முடிந்து, சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று போதகர் சொன்னதும் எழுந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

போதகர் ஞானசிகாமணி தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். கடுமையான மனுஷர் அல்ல. யாருக்காவது காய்ச்சல் என்றால் சைக்கிளில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பவர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஆராதனை முடிந்து எல்லாரும் இறங்கிப் போனபின் போதகரும் மகாராணியும் பொன்னுமணியும் மட்டும் இருந்தார்கள்.

“சகோதரி, நான் சுத்தி வளைக்க விரும்பல,” என்றார் போதகர். “மறுதலிச்சவங்களுக்கு என்னன்னு வசனம் தெளிவாச் சொல்லுது. இரட்சிப்புங்கிறது ஒரு தடவ வாங்கிப் பெட்டியில பூட்டி வைக்கிற பத்திரம் இல்ல. கடைசிவரைக்கும் நிக்கணும். நீங்க நிக்கல. முதல்ல இருந்து தொடங்கணும். மனந்திரும்பி, ஞானஸ்நானம் திரும்ப எடுக்கணும். வர்ற சனிக்கிழமையே வச்சுக்குவோம்.”

பொன்னுமணிக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, அப்படிச் சொல்லாதீக. பெத்த பிள்ள வீட்ட விட்டு ஓடிப்போனா பிள்ள இல்லன்னு ஆயிருமா?”

“பிள்ளைதான். வீட்டுக்கு வெளிய நிக்கிற பிள்ள. வெளியவே செத்துப்போனா?”

“அப்பன் விட்ருவானா? எடுத்த கைய அவரு விடமாட்டாரு. ஒருக்க இரட்சிச்சா இரட்சிச்சதுதான். செத்த வீட்டுல, ஆத்தா மொகத்தப் பாத்து, வாய் தவறி ஒரு சொல்லு. அதுக்கு மறுபடி தண்ணிக்குள்ள எறங்கணுமா? நீ ஒண்ணும் பண்ண வேணாம் மகாராணி. பேசாம ஒக்காரு. அவருக்குத் தெரியும்.”

“வாய் தவறல அக்கா,” என்றாள் மகாராணி.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரிஞ்சுதான் சொன்னேன். அதனால பேசாம ஒக்கார முடியாது.” போதகர் பக்கம் திரும்பினாள். “ஐயா, ஆத்துல முழுகினது பொய்யில்ல. அதுல ஒரு குறையும் இல்ல. அத இன்னொருக்க பண்ணா மொதல்ல பண்ணது பொய்னு ஆயிரும். குறை நான் சொன்ன சொல்லுல. அத எங்க சொன்னேனோ அங்க போயிச் சரிபண்ணணும். இங்க, நம்ம ஆளுக மத்தியில அழுதுட்டுப் போனா யாருக்கு என்ன?”

“சிலமலைக்கா?” என்று கேட்டார் போதகர்.

“கருமாதிக்கு எல்லாரும் கூடுவாக. அன்னைக்குச் சொல்றேன்.”

போதகர் தலையாட்டினார். “அது நல்லதுதான். ஆனா அது ஞானஸ்நானத்துக்கு ஈடாகாது. அதுவரைக்கும் நான் உங்களுக்குத் திருவிருந்து அப்பம் தர முடியாது. மனசறிஞ்சு தர முடியாது.”

“தராதீக ஐயா. நான் வர்றத நிறுத்த மாட்டேன்.”

*

அந்த வாரம் மலையில் விடாத சாரல். பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் சரிவில் வரிசையாக நகர்ந்தார்கள். காலில் ஏறும் அட்டைக்குப் புகையிலைத் தூளைத் தடவிக்கொண்டு பொன்னுமணி அவள் பக்கத்து வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“கிறுக்குத்தனம் பண்ணாத. அங்க போயிச் சொன்னா ஆத்தா வீட்டு வாசல் அடைஞ்சிரும். காசிமாயன் ஒருத்தன்தான் ஒனக்கு மிச்சம். நீ ஏற்கெனவே இரட்சிக்கப்பட்டவ. எதுக்காக இத நிரூபிக்கப் போற?”

“நிரூபிக்கப் போகலக்கா.” மகாராணி காய்ச்சரத்தை விலக்கி, பச்சைக் காயை விட்டுவிட்டு விளைந்த காயை மட்டும் கிள்ளினாள். “நீங்க சொல்றது நெசமா இருக்கலாம். அவரு என்ன விடலேன்னே வச்சுக்குவோம். விடாதவர இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டு, அவருதான் விடமாட்டாரேன்னு நான் சும்மா இருந்தா, நான் எப்படிப்பட்டவ?”

பொன்னுமணி எழுந்தாள். சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள்.

வீட்டில் ஈஸ்வரனிடம் சொன்னாள். அவள் புருஷன் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். சபைக்கு வந்ததில்லை. அவளைப் போகாதே என்று சொன்னதும் இல்லை.

“ஒங்க சாமி சங்கதி எனக்குத் தெரியாது. ஆனா மச்சானைத் தெரியும். கருமாதிக் கூட்டத்துல வச்சு நீ பேசினா அவரு தல குனிஞ்சுபோகும். அந்த வீட்டுல அப்புறம் ஒனக்கு ஒரு வா தண்ணி கெடைக்காது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“அன்னைக்கும் தெரிஞ்சுதானே சொன்னேன். இன்னைக்கும் தெரிஞ்சே சொல்றேன்.”

அவன் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்தான். “சரி. அன்னைக்கு வண்டியில ஆள் ஏத்த மாட்டேன். நானே கூட்டிட்டுப் போறேன். நீ தனியாப் போயி நிக்க வேணாம்.”

*

பதினாறாம் நாள் காலை. பந்தலில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காசிமாயன் மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு மணைமேல் உட்கார்ந்திருந்தான். அடுத்து அவன் தலையில் உருமாத் துணி கட்ட வேண்டும். கட்டியானதும் துக்கம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குமுன் பேசிவிடவேண்டும் என்று மகாராணி தீர்மானித்து வைத்திருந்தாள். உருமா கட்டியபிறகு பேசினால், விசேஷம் முடியட்டும் என்று அவளே தனக்குச் சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள் என்று பயந்தாள்.

எழுந்து பந்தல் நடுவில் வந்தாள்.

“எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு இதே எடத்துல வச்சு, சபைய விட்டுட்டேன், அந்தச் சாமி எனக்கு இல்லன்னு சொன்னேன். அது பொய். நான் விடல. நான் இயேசுவக் கும்பிடுறவதான். ஆத்தாவத் தொடணும்னு பொய் சொன்னேன். ஒங்களையும் ஏமாத்திட்டேன், என் சாமிக்கும் துரோகம் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க.”

பேச்சிமுத்து துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “பாத்தியாடா காசிமாயா! செத்தவளுக்கு நடந்த சடங்கையே கேலி பண்ணிட்டா.”

“இல்ல பெரியப்பா. எண்ணெ வச்சது பொய்யில்ல, குளிப்பாட்டுனது பொய்யில்ல. அது மக செஞ்சது. சொல்லுதான் பொய்.”

“அதெப்படி ரெண்டையும் பிரிப்ப?”

“நீங்கதான் பெரியப்பா ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டீக. நான் அத அவுக்கத் தெரியாம பொய் சொல்லிட்டேன்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. யாரோ, வெளிய போகச் சொல்லு என்றார்கள். ஈஸ்வரன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். காசிமாயன் மணையை விட்டு எழுந்து, தங்கையின் கையைப் பிடித்து, வீட்டுக்குப் பக்கத்துச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“இன்னைக்குத்தான் சொல்லணுமா? இத்தன பேரு முன்னாடி?”

“இத்தன பேரு முன்னாடிதாண்ணே பொய் சொன்னேன்.”

அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். மொட்டைத் தலையில் வேர்வை துளிர்த்தது.

“நீ பொய் சொல்றேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். சின்ன வயசுலயிருந்து பாக்குறேன். பொய் சொன்னா ஒன் கழுத்து செவந்துரும். தெரிஞ்சும்தான் விட்டேன். நீ ஆத்தாவக் குளிப்பாட்டணும்னு எனக்கும் இருந்துச்சு. அந்தப் பொய் எனக்கும் வேண்டியிருந்துச்சு.” பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தான். “அதோட விட்ருந்தா என்ன? ஏன் தோண்டுற?”

மகாராணி அழுதாள். ஆனால் சொன்னாள்: “ஒனக்கு அது ஒரு சொல்லுண்ணே. எனக்கு அதுதான் உசுரு.”

காசிமாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பந்தலிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள்.

“பந்தியில ஒன்ன ஒக்கார வைக்க என்னால முடியாது. நான் இந்த ஊருல இருக்கணும். நீ கெளம்பு. நானாக் கூப்புடுற வரைக்கும் வராத.”

“சரிண்ணே.”

ஈஸ்வரன் ஜீப்பை எடுத்தான். சாப்பிடாமலே கிளம்பினார்கள். போடிக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, அவன் இரண்டு டீ வாங்கிவந்தான். குடித்து முடித்ததும், “பசிக்குதுங்க,” என்றாள். பதினாறு நாளில் அவள் பசிக்கிறது என்று சொன்னது அன்றைக்குத்தான்.

*

அடுத்த ஞாயிறு போதகரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஞானஸ்நானம்?” என்றார் கடைசியில்.

“வேணாம் ஐயா.”

“சகோதரி, நான் பிடிவாதத்துக்குச் சொல்லல. பயந்து சொல்றேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான். நல்லாப் பாடுவான், ஊழியத்துக்கு வர்றேன்னான். அப்புறம் எல்லாத்தையும் விட்டுட்டான். இரட்சிக்கப்பட்டவன்தானே, திரும்பி வந்துருவான்னு நான் சும்மா இருந்துட்டேன். வரல. அப்படியே செத்துட்டான். அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. அதான் யாரையும் சும்மா இருன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது.”

மகாராணி அவரை அப்போதுதான் முதல்முறையாகச் சரியாகப் பார்த்ததுபோல் இருந்தது.

“எனக்கும் தெரியாது ஐயா. பிடிச்சிருக்கிறது அவரா நானான்னு. அன்னைக்குப் பந்தல்ல நான் பிடிய விட்டேன். விழல. விழுந்திருந்தா திரும்பிப் போயிச் சொல்ல எனக்குத் தெம்பு எங்கருந்து வந்துச்சு? அதுல பொன்னுமணியக்கா சொல்றது சரி. ஆனா விழமாட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டு இன்னொருக்க விட்டுப் பாக்க மாட்டேன். அதுல நீங்க சொல்றது சரி. எனக்கு இவ்வளவுதான் வெளங்குது.”

அன்றும் அவர் அவளுக்கு அப்பம் தரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, தட்டு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முணுமுணுக்கவும் இல்லை, வேறு சபை தேடவும் இல்லை. ஏழாவது ஞாயிறு போதகர் தட்டை அவள் முன் நிறுத்தினார். “இது சரியா தப்பான்னு நான் இன்னும் ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னார். அவள் எடுத்துக்கொண்டாள்.

காசிமாயன் கூப்பிடவில்லை. மகாராணிதான் வாராவாரம் போன் போட்டாள். வீட்டுக்கு வராதே என்றானே தவிரப் பேசாதே என்று சொல்லவில்லை. அவன் எடுப்பான், பேசமாட்டான், வைக்கவும் மாட்டான். அவளே பேசுவாள்: ஈஸ்வரனுக்கு முதுகுவலி, தோட்டத்தில் மூன்றாம் காயெடுப்பு முடிந்தது, பொன்னுமணி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பேசி முடித்து, “வைக்கிறேண்ணே,” என்று சொல்லி வைப்பாள்.

தை பிறந்து இரண்டாம் வாரம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் குறுக்கிட்டான்.

“மலையில பனி எப்படி இருக்கு?”

“கடுமையா இருக்குண்ணே.”

“சளி பிடிச்சுக்கிராம பாத்துக்க,” என்று சொல்லி வைத்துவிட்டான்.